நட்டு வைப்பதா, நகர்த்துவதா: வீட்டுப் பட்டறையில் கனமான மெஷின்கள்

செஞ்சி, வல்லம் வட்டாரத்திலும், தமிழ்நாட்டின் மற்ற சிற்றூர்களைப் போலவே, பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டின் முன்பகுதிதான். பகலில் கிரில் கேட்டுக்கு வெல்டிங் நடக்கும் இடத்தில் இரவில் பைக்கை ஏற்றி நிறுத்துவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி தகரக் கொட்டகையில் வெல்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷின் மூன்றையும் வைத்துவிட்டால் ஆள் திரும்ப இடமிருக்காது. மரவேலைக்காரர் பாடு இன்னும் மோசம். எட்டடிப் பலகையை இழைக்க மெஷினுக்கு முன்னால் எட்டடி வேண்டும், பின்னால் எட்டடி வேண்டும். கொட்டகையின் மொத்த நீளமே பன்னிரண்டடி என்றால், இழைப்பு மெஷின் வாசலுக்கு வந்தாக வேண்டும், அல்லது பலகை தெருவில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கனமான மெஷினைத் தரையில் நட்டு வைப்பதா, நகரும்படி செய்வதா? நீராவி இன்ஜின் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவருகிறார்கள். எந்திரவியலார் ஒன்று சொன்னார்கள், கருவி செய்யும் கம்பெனிகள் வேறொன்று சொன்னன, காந்தியும் ஒன்று சொன்னார். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, சின்ன இடத்தில் அவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இங்கே பார்க்கப்படுவது.

ஒருமுறை நகர்த்துவதும் தினம் நகர்த்துவதும்

பெருஞ்சுமையை இடம் மாற்றியதற்குச் செஞ்சியில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையில் சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரிக் குன்றின் உச்சியில் இன்றும் பீரங்கி கிடக்கிறது. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை கோட்டையைப் பிடித்தது முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஆள்பலமும் கயிறும் நெம்புகோலும் உருளைக் கட்டையும் பொறுமையும் இருந்தால் எதையும் எங்கும் கொண்டுபோகலாம். இன்று பழைய லேத்தை லாரியிலிருந்து இறக்குவதும் ஏறக்குறைய அதே முறைதான். கடப்பாரை, இரண்டங்குலப் பைப்புத் துண்டுகள், செயின் பிளாக், நாலு ஆள்.

ஆனால் தூணைத் தினம் காலையில் வெளியே எடுத்து மாலையில் உள்ளே வைக்கவில்லை. வாழ்நாளில் ஒருமுறை நகர்வதும் நாளுக்கு இரண்டு முறை நகர்வதும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவதில் நேரம் கூடலாம், ஆள் கூடலாம், நகர்ந்தபின் சீராக உட்கார வைத்தால் போதும். இரண்டாவதில் ஒரே ஆள், சில நிமிடம், ஒவ்வொரு முறையும் அதே நேர்த்தி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதத்தில் பாதி வாதங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே போகின்றன.

நட்டு வைக்கும் கட்சி

மெஷின் என்றால் ஃபவுண்டேஷன் போட்டு போல்ட்டில் இறுக்க வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலையில் வேரூன்றியது. அங்கே ஒரே நீராவி இன்ஜின் ஓடும். கூரையடியில் நீண்ட ஷாஃப்ட் சுழலும். ஒவ்வொரு மெஷினுக்கும் மேலிருந்து தோல் பெல்ட் இறங்கும். மெஷின் எங்கே நிற்பது என்பதை ஷாஃப்ட்தான் தீர்மானித்தது, வேலை அல்ல. பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகக் காட்டியது. 1880களிலேயே மின் உற்பத்தி நிலையங்கள் வந்துவிட்டாலும், மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று அமெரிக்கத் தொழிற்சாலைகள் மாற ஏறத்தாழ 1920கள் வரை ஆயிற்று. முதலில் செய்ததெல்லாம் இன்ஜினைக் கழற்றிவிட்டு அதே ஷாஃப்ட்டின் முனையில் பெரிய மோட்டாரை மாட்டியதுதான். நம் ஊர்ப் பழைய மாவு மில்களில் ஷாஃப்ட்டும் பெல்ட்டுமாக இந்த ஏற்பாட்டின் மிச்சத்தை இன்னமும் பார்க்கலாம். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் மோட்டார்கள் பெருகின. அத்துடன், மெஷினை ஓரிடத்தில் கட்டிப்போட்ட காரணங்களில் ஒன்று போய்விட்டது.

இன்னொரு காரணம் போகவில்லை. அது எடையும் விறைப்பும். லேத்தின் படுக்கை வார்ப்பிரும்பில் செய்யப்படுவது மலிவு கருதி மட்டுமல்ல. வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வை உள்வாங்கிக்கொள்கின்றன. வெட்டும் உளி நடுங்கினால் அந்த நடுக்கம் வேலையின் மேல் வரிவரியாகப் பதிந்துவிடும். படுக்கையின் ஒரு முனை மறுமுனையோடு ஒப்பிடும்போது இம்மியளவு முறுக்கிக்கொண்டால்கூட, கடைந்தெடுத்த உருளை ஒருபக்கம் பருத்து ஒருபக்கம் சிறுத்து வரும். ஆகவேதான் லேத் பொருத்துபவர் துல்லியமான ரசமட்டத்தை வைத்து, மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகி மட்டம் பார்க்கிறார். இவ்வளவு பாடுபட்டு உட்கார வைத்ததை நாளைக்கு உருட்டிக்கொண்டு போனால் எல்லாம் முதலிலிருந்துதான்.

இந்தக் கட்சியின் வாதம் லேத்துக்கு வலுவானது. மற்றவற்றுக்கு அதே வலு இல்லை. டிரில்லிங் மெஷினைத் தரையில் இறுக்குவது பெரும்பாலும் துல்லியத்துக்காக அல்ல, தலைகனம் உள்ள அது கவிழாமல் இருப்பதற்காக. சாணை பிடிக்கும் கிரைண்டரும் அப்படித்தான். கவிழாமல் நிறுத்த வேறு வழி உண்டென்றால் போல்ட் தேவையில்லை. இன்னொன்று, இந்தக் கட்சி இடம் சொந்தம் என்றே எடுத்துக்கொள்கிறது. வாடகைக் கொட்டகையில் தரையைக் குடைந்து போல்ட் போட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்?

சக்கரக் கட்சி

ஆங்கிளில் ஒரு சட்டம், நாலு மூலையில் நாலு சக்கரம், மேலே மெஷின். வீட்டு கராஜில் மரவேலை செய்யும் மேலைநாட்டவர் நடுவே இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பெடலை மிதித்தால் சக்கரம் கீழிறங்கும் தளங்கள் தயாராகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. நம் ஊரில் வெல்டிங் தெரிந்தவருக்கு இது அரைநாள் வேலை. எளிதாக இருப்பதால்தான் கணக்குப் பார்க்காமல் செய்துவிடுகிறார்கள்.

கணக்கு இப்படிப் போகும். 500 கிலோ மெஷின், நாலு சக்கரம். சக்கரத்துக்கு 125 கிலோ என்று வகுத்தால் தவறு. மேடுபள்ளமான தரையில் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மூன்றுதான் சுமக்கும். எனவே ஒவ்வொன்றும் 170 கிலோவாவது தாங்க வேண்டும். நல்ல சிமென்ட் தரையில் உருள எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு விசை போதும். 500 கிலோவுக்கு 15 கிலோ தள்ளு, கிளப்புவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இதுவரை சுகம். தரையில் ஐந்து மில்லிமீட்டர் விளிம்பு ஒன்று குறுக்கிடட்டும். மூன்றங்குலச் சக்கரம் அதில் ஏற, தான் சுமக்கும் எடையில் பாதிக்குமேல் விசை கேட்கும். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து முட்டினால் ஏறத்தாழ 140 கிலோ தள்ளு. ஆறங்குலச் சக்கரம் என்றால் 95 கிலோ அளவில் முடியும். ஆகச் சக்கரத்தின் விலையைவிடத் தரையின் பூச்சுதான் முதலில் கவனிக்க வேண்டியது. பெயர்ந்த சிமென்ட் தரையில் எந்தச் சக்கரமும் மெஷினைக் காப்பாற்றாது.

பெரிய சக்கரத்துக்கும் ஒரு தண்டனை உண்டு. மெஷின் உயர்கிறது, எடைமையம் மேலே போகிறது, கவிழும் வாய்ப்புக் கூடுகிறது. மூன்று சக்கரம் வைத்தால் எந்தத் தரையிலும் ஆடாது, ஆனால் நாலைவிட எளிதில் சாயும். இந்த இழுபறிக்கு முடிந்த முடிவு கிடையாது. அனுபவசாலிகள் ஏற்கும் நடுவழி ஒன்று உண்டு: சக்கரம் நகர்த்துவதற்கு மட்டும், வேலையின்போது மெஷின் திருகுக்கால்களில் நிற்க வேண்டும், சக்கரம் தரையைத் தொடவே கூடாது. இன்னொரு வழி, மெஷினில் சக்கரமே வைக்காமல் அடியில் கை நுழையும் அளவு இடைவெளி விட்டு, பேலட் டிரக்கால் தூக்கி நகர்த்துவது. ஒரே வண்டி எல்லா மெஷினுக்கும் உதவும். ஆனால் அந்த வண்டி திரும்பவே நாலைந்தடி வேண்டும், சின்னக் கொட்டகையில் அதையும் எங்கே நிறுத்துவது?

சக்கரக் கட்சி குறைத்துப் பேசுவது பிரேக்கை. தமிழ்நாட்டில் சக்கரத்தின் மேல் பெருஞ்சுமை ஓட்டும் அனுபவம் தேர்த் தெருக்களுக்கு உண்டு. திருவாரூர்த் தேர் போன்றவற்றில் திசை திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுபவரின் பொறுப்பு, வடம் பிடிப்பவரின் பொறுப்பு அல்ல. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. கடையில் கிடைக்கும் சக்கரத்தில் உள்ள சின்ன லாக் சக்கரம் உருள்வதைத் தடுக்கும், சக்கரத் தண்டு திரும்பித் திரும்பி ஆடுவதை எல்லா லாக்கும் தடுப்பதில்லை. ஓடும் வட்ட ரம்பத்தில் பலகையைத் தள்ளும்போது மெஷின் ஓர் அங்குலம் பின்வாங்கினால் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே உடம்பில் பல மெஷின்

இடப்பற்றாக்குறைக்கு இன்னொரு விடை, மெஷின்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. 1947இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த, ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த ஷாப்ஸ்மித் இதில் புகழ்பெற்றது. ஒரே மோட்டாரில் ரம்பம், லேத், டிரில் எல்லாம். நம் தச்சுப் பட்டறைகளில் ஒரே தண்டில் இழைப்பும் வட்ட ரம்பமும் துளையிடுதலும் சேர்ந்த மெஷின் சாதாரணமாகக் காணப்படுவது. குறை எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு வேலையிலிருந்து மறுவேலைக்கு மாறும்போது கழற்றி மாட்ட வேண்டும், அளவு கலைந்துவிடும். ஒன்று பழுதானால் எல்லாம் நிற்கும். தனியாளுக்குத் தாங்கும், இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் சண்டைதான்.

எடையையே குறைப்பவர்கள்

மெஷினிடம் வேலையைக் கொண்டுபோகாமல் வேலையிடம் மெஷினைக் கொண்டுபோவது நான்காவது நிலைப்பாடு. 1895இல் ஜெர்மனியில் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் டிரில்லைச் செய்தது. 1917இல் பிளாக் அண்ட் டெக்கர் துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றது. லோட்டஸ் கார் வடிவமைப்பாளர் ரான் ஹிக்மன் உருவாக்கிய மடக்குப் பட்டறை மேசையைப் பல கம்பெனிகள் முதலில் ஒதுக்கின. 1970களில் அது பிளாக் அண்ட் டெக்கரின் பெயர்சொல்லும் பொருளாயிற்று.

நம் பட்டறைகளில் இந்த வழியின் மிகப் பெரிய வெற்றி வெல்டிங் மெஷினில் நடந்தது. பழைய எண்ணெய்க் குளிர்ச்சி டிரான்ஸ்ஃபார்மர் நூறு கிலோவைத் தாண்டும். சக்கரம் வைத்தே வரும், ஆனாலும் வாசற்படி தாண்ட இரண்டு பேர் வேண்டும். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினோ தோளில் மாட்டிக்கொண்டு போகும் அளவு. டிரான்ஸ்ஃபார்மரில் அத்தனை இரும்பும் செம்பும் தேவைப்பட்டது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கையாள்வதால். இன்வெர்ட்டர் அதைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸாக மாற்றியபின், அதே ஆற்றலுக்குக் கையடக்க டிரான்ஸ்ஃபார்மர் போதும். யாரும் நல்ல சக்கரம் கண்டுபிடித்து இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. எடை எதற்காக இருந்ததோ அந்தத் தேவையையே நீக்கினார்கள்.

இங்கேதான் இந்த விவாதத்தின் அச்சாணி இருக்கிறது என்று தோன்றுகிறது. சில மெஷின்களில் எடை வேலை செய்கிறது, சிலவற்றில் எடை சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெல்டிங் மெஷினின் எடை இரண்டாம் வகை, அதனால் கரைந்தது. லேத்தின் எடை முதல் வகை. அதைப் பாதியாக்கினால் அது வேறொரு மெஷின், இரும்பில் ஆழமாக வெட்டு எடுக்க முடியாத மெஷின்.

இரண்டுக்கும் நடுவே நம் வீட்டு கிரைண்டரை வைக்கலாம். 1955இல் கோவையில் பி. சபாபதி மோட்டார் பொருத்திய மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதில் கல்லின் எடைதான் அரைக்கிறது, ஆகவே கண்டபடி குறைக்க முடியாது. அந்தத் தொழில் கண்ட தீர்வுகளில் ஒன்று மெஷினை நகர்த்தாமல் பாத்திரத்தை மட்டும் சாய்ப்பது. நகர வேண்டியது கிரைண்டர் அல்ல, மாவு. கல்லின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் மாற்றிய மேசைமேல் கிரைண்டர் பின்னால் வந்தது. எதை நகர்த்த வேண்டும் என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்ட தொழில்கள் அதிகமில்லை.

வீட்டுக்குள் வரத் தகுந்த மெஷின்

காந்தியின் பெயர் இந்த இடத்தில் வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 1924இல், பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரனோடு நடந்த உரையாடலில், எல்லா இயந்திரத்தையும் தாம் எதிர்ப்பதில்லை என்பதற்குச் சிங்கர் தையல் மெஷினை எடுத்துக்காட்டினார். வீட்டுக்குள் வந்து ஆளின் சிரமத்தைக் குறைக்கும் மெஷின் அவருக்கு உடன்பாடு. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எடை குறைவாகவும் எளிதில் எடுத்துச் செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மிகக் கூடாது என்பவை நிபந்தனைகளில் அடங்கும். அந்தப் பரிசை யாரும் வெல்லவில்லை. எடை, விலை, உற்பத்தி, பழுதில்லாமை நான்கையும் ஒரே கருவியில் கேட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் மில்லின் நூற்புச் சட்டத் தத்துவத்தையே சுருக்கிக் கைராட்டையாக்கினார். அவர் பெயரிலேயே அது அம்பர் சர்க்கா ஆயிற்று, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசு ஆதரவும் கிடைத்தது. 1960இல் வெளிவந்த தொழில்நுட்பத் தேர்வு பற்றிய நூலில் அமர்த்தியா சென் அதை ஆராய்ந்தபோது, உபரி தரும் கருவியாக அது தேறவில்லை. எதிர்த்தரப்பினர் வீட்டில் இருந்தபடி கிடைக்கும் வேலையின் மதிப்பை உபரிக் கணக்கில் அடக்க முடியாது என்றனர். பெரிய மெஷினைச் சிறியதாக்கலாம், ஆனால் சிறியதான மெஷின் அதே பிழைப்பைத் தருமா? லேத்துக்கும் இழைப்பு மெஷினுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மெஷினே வேண்டாம் என்போர்

1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை போன்ற ஏற்பாடுகளின் பின்னால் இருந்த எண்ணங்களில் ஒன்று, மெஷினை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு நேர்மாறானது. விலையுயர்ந்த மெஷின் பொதுவான இடத்தில் இருக்கட்டும், சிறுதொழிலர் அங்கே வந்து வேலையை முடித்துக்கொள்ளட்டும். உழவில் இது வேறு உருவில் வென்றுவிட்டது. நெல் அறுவடை மெஷினை வாடகைக்கு அழைக்கிறார்களே தவிரச் சிறு விவசாயி யாரும் சொந்தமாக வைத்திருப்பதில்லை. பட்டறை வேலைக்கு அந்த அளவு பொருந்தவில்லை. அறுவடை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, பலகை இழைப்பதோ நினைத்த நேரத்தில். இருபது நிமிட வேலைக்குத் திண்டிவனம் வரை பலகை ஏற்றிக்கொண்டு போவது யாருக்கும் கட்டாது. ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் மெஷினுக்கு இந்த வழியே மலிவு. கொட்டகையில் மூலையை அடைத்துக்கொண்டிருக்கும் சில மெஷின்கள் இந்த வகைதான், அவற்றின் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வயரும் எர்த்தும்

நகரும் மெஷின் பற்றிய எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது மின்சாரம். வீட்டு இணைப்புகளில் பல ஒருமுனை. கனமான பழைய மெஷின்களின் மோட்டாரோ பெரும்பாலும் மும்முனை. ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாகக் கொடுக்கும் டிரைவ் சிறிய மோட்டார்களுக்கு இப்போது கிடைக்கிறது, அது சக்கரத்தைவிடப் பெரிய விடுதலை என்று சொல்லலாம். நட்டு வைத்த மெஷினுக்கு எர்த் கம்பி குழாய்க்குள் பத்திரமாக இருக்கும். உருளும் மெஷினின் வயரோ தரையில் கிடந்து மிதிபட்டு, சக்கரத்தில் நசுங்கி, எர்த் மட்டும் உள்ளே அறுந்திருக்கும். மெஷின் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாமல் எந்தக் கன மெஷினுக்கும் சக்கரம் வைப்பது சரியல்ல.

சட்டம் இங்கே எட்டாது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் தொடங்கியது. 2020இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக்கியது. வீட்டு முகப்பில் தனியாக லேத் ஓட்டுபவர் இரண்டுக்கும் வெளியே.

தீராமல் நிற்பவை

மொத்தத்தில் எந்தக் கட்சியும் முழுதாகத் தோற்கவில்லை. எடை வேலை செய்யும் மெஷினை, குறிப்பாக லேத்தை, நட்டு வைப்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம். எடை சும்மா இருக்கும் மெஷினுக்குச் சக்கரம் தேடுவதைவிட, எடையில்லாத புது வடிவம் வந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. இழைப்பு மெஷின், வட்ட ரம்பம், டிரில்லிங் மெஷின் ஆகியவை நடுவில் நிற்கின்றன. சக்கரம் பற்றிய வாதம் உண்மையில் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

தெளியாத இடங்களும் உள்ளன. திருகுக்காலில் தினம் ஏற்றி இறக்கும் மெஷின் ஐந்தாண்டில் எவ்வளவு நேர்த்தி இழக்கும் என்பதைச் சிறு பட்டறைகளில் யாரும் அளந்து குறித்து வைப்பதில்லை, இருப்பதெல்லாம் செவிவழி அனுபவம். பேட்டரியில் ஓடும் கைக்கருவிகள் கன மெஷினின் இடத்தை எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஜன்னல் சட்டம் செய்யும் தச்சருக்கு ஒரு விடை, டிராக்டர் உதிரிபாகம் கடைபவருக்கு வேறு விடை. வெயிலில் காய்ந்து மழையில் ஊறும் தகரக் கொட்டகைத் தரைக்கு, கராஜை மனத்தில் வைத்துச் செய்த தயார்த் தளங்கள் எவ்வளவு ஒத்துவரும் என்பதும் கேள்விக்குரியதே.

சக்கரம் வாங்கக் கடைக்குப் போகுமுன் இரண்டு வேலை செய்துவிடலாம். ஒரு மாதம், எந்த மெஷின் எத்தனை முறை நகர வேண்டியிருந்தது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வாருங்கள். பிறகு கொட்டகைத் தரையில் நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பலருக்கு வாங்க வேண்டியது சக்கரம் அல்ல, இரண்டு மூட்டை சிமென்ட்.